விலை இறங்கும் என்று காத்திருந்த ராம் ஏன் ஏறியது?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "தங்கை பிசிஏ சேர்ந்திருக்கிறாள். அவளுக்கு ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணித் தரலாம் என்று 2025 ஜூன் மாதம் ரிச்சி தெருவில் கொட்டேஷன் வாங்கினேன். 16 ஜிபி ராமுக்கு நாலாயிரம் போட்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் சாமான் நாளாக ஆக விலை குறையும்தானே என்று தீபாவளி போனஸ் வரட்டும் என்று இருந்துவிட்டேன். டிசம்பரில் போனால் அதே ராம் பன்னிரண்டாயிரம் என்கிறார்கள். கடைக்காரர்கள் சேர்ந்து ஏமாற்றுகிறார்களா? இன்னும் காத்திருக்கலாமா?"

ஏமாற்றவில்லை, தம்பி. காத்திருந்தாலும் சீக்கிரத்தில் பலன் இருக்காது. வியாசர்பாடியில் சர்வீஸ் கடை வைத்து எனக்கு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்படி ஒரு ஏற்றத்தைப் பார்ப்பது இது முதல் முறை இல்லை. ஒவ்வொரு முறையும் வாங்க வந்தவர்கள் கடைக்காரரைத்தான் சந்தேகப்பட்டார்கள். காரணமோ ஒவ்வொரு முறையும் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அதனால் ராமோடு, அதாவது கம்ப்யூட்டர் ஓடும்போது வேலைக்கு எடுத்துவைக்கும் நினைவகத்தோடு நிறுத்தாமல், இந்தச் சாமான்களின் விலை எதனால் இறங்குகிறது, எப்போது இறங்காமல் நின்றுவிடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

நாள் ஆவதால் மட்டும் எந்தப் பொருளும் மலிவாகிவிடாது. சிப்புகள் ஒரு வட்டமான சிலிக்கான் தட்டில் நூற்றுக்கணக்கில் ஒன்றாக உருவாகின்றன. அந்தத் தட்டுக்கு வேஃபர் என்று பெயர். குறுக்களவு 300 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட நம் வீட்டுத் தோசைக்கல் அளவு. சுற்றுகளை இன்னும் பொடியாக வரையத் தெரிந்துகொண்டால் அதே தட்டில் கூடுதல் சிப் தேறும். தட்டுக்கு ஆகும் செலவு பெரிதாக ஏறாதவரை ஒரு சிப்பின் விலை இறங்கிக்கொண்டே வரும். ஒரு சிப்பில் அடங்கும் பாகங்கள் வருஷத்துக்கு வருஷம் இரட்டிப்பாகும் என்று, பிறகு இன்டெல் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான கோர்டன் மூர் 1965இல் எழுதினார். 1975இல் அதை இரண்டு வருஷம் என்று திருத்தினார். அத்தனை வருஷம் அது பலித்ததற்குக் காரணம், யாரோ ஒருவர் முன்கூட்டியே பெரும் பணத்தைக் கொட்டிப் புதிய ஃபேக்டரி கட்டியதும், பக்கத்து நாட்டுக்காரர் அதைப் பார்த்து இன்னொன்று கட்டியதும்தான். இந்தப் போட்டி நடந்த காலத்தில் நாம் சும்மா இருந்தே லாபம் பார்த்தோம்.

இப்போது தட்டுக்கு ஆகும் செலவே ஏறுகிறது. மிகப் பொடியான சுற்றுகளை வரைய நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் கம்பெனி செய்யும் இயந்திரம் வேண்டும். ஒன்றின் விலை 15 கோடி டாலருக்கு மேல். வேறு யாரும் அதைச் செய்வதில்லை. 2022இல் புதிய கிராஃபிக்ஸ் கார்டுகளின் விலையைப் பற்றிக் கேட்டபோது என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங், வேஃபர் விலை முன்பைவிட மிகவும் அதிகம், மூர் சொன்ன காலம் முடிந்துவிட்டது என்றார். விற்கிறவர் வாயிலிருந்து வந்த பேச்சுதான். ஆனால் அதில் உண்மை இருக்கிறது.

ராமுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அதில் ஒவ்வொரு பிட்டும், அதாவது ஒவ்வொரு 0 அல்லது 1ம், ஒரு குட்டி மின்தேக்கியில் நிற்கும் துளி மின்னூட்டம். ஒழுகும் வாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நொடியும் பல முறை எல்லா வாளியையும் திரும்ப நிரப்பியாக வேண்டும், இல்லாவிட்டால் வைத்தது மறந்துபோகும். வாளியை ரொம்பச் சின்னதாக்கினால் நிரப்புவதற்குள் காலியாகிவிடும். அதனால் அகலத்தைக் குறைத்து உயரத்தைக் கூட்டி, ஒல்லியான குழாய் மாதிரி ஆக்கிவிட்டார்கள். அதற்கு மேல் ஒல்லியாக்குவது ஒவ்வொரு படியிலும் கஷ்டமாகிறது. பிராசஸர் சுருங்கிய வேகத்தில் ராம் சுருங்காததற்கு இதுதான் காரணம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இத்தனை வருஷம் இறங்கியது ஒரு ஜிபிக்கு ஆகும் விலை, பெட்டியின் விலை இல்லை. என் மேஜையில் செத்துப்போன ஹார்ட் டிஸ்க் எப்போதும் ஒன்றிரண்டு கிடக்கும். மூடியின் ஆணிகளைக் கழற்றித் திறந்தால், உள்ளே கண்ணாடி மாதிரி பளபளக்கும் தட்டு, அதைச் சுற்றும் மோட்டார், தட்டைத் தொடாமல் அதன்மேல் மிதக்கும் தலை, தலையைத் தாங்கும் கை, கையை அசைக்க இரண்டு காந்தம். தெருப் பிள்ளைகள் கேட்டு வாங்கிப் போவது அந்தக் காந்தத்தைத்தான். இரும்பு பீரோவில் ஒட்டினால் பிய்த்தெடுக்க முடியாது. 40 ஜிபி டிஸ்க்கிலும் இதெல்லாம் உண்டு, 1 டிபி டிஸ்க்கிலும் உண்டு. மோட்டாரும் காந்தமும் அலுமினிய வார்ப்பும் சிலிக்கான் மாதிரி மலிவாவதில்லை. அதனால்தான் எவ்வளவு சின்ன டிஸ்க் கேட்டாலும் ஐந்நூறு ரூபாய்க்குப் புதிதாகக் கிடைத்ததே இல்லை. ஒரு அடிமட்ட விலை இருக்கிறது. அதைத் தொட்ட பிறகு அதே காசுக்குக் கொள்ளளவு கூடுமே தவிர, விலை இறங்காது. ராம், எஸ்எஸ்டி (தட்டு சுற்றாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு அடிமட்டம் உண்டு.

ஹார்ட் டிஸ்க் என்றதும் 2011 ஞாபகம் வருகிறது. அதை விரிவாகச் சொன்னால்தான் இப்போது நடப்பது புரியும்.

அந்த வருஷம் அக்டோபரில் தாய்லாந்தில் பெருவெள்ளம். நாம் தொலைக்காட்சியில் பார்த்து உச்சுக்கொட்டினோம், அவ்வளவுதான். வெஸ்டர்ன் டிஜிட்டலின் பெரிய ஃபேக்டரி பாங்காக்குக்கு வடக்கே பாங் பா இன் என்ற இடத்தில் தண்ணீருக்குள் நின்றது. டிஸ்க்குக்கு மோட்டார் செய்யும் நிடெக் கம்பெனியின் ஆலைகளுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. சீகேட்டின் ஆலை நனையவில்லை. ஆனால் பாகம் வராமல் அவர்களுக்கும் கை கட்டிப்போனது. ஒரு தூசு விழுந்தாலே கெட்டுப்போகும் சாமானைச் செய்கிற அறை அது, சேறு புகுந்தால் என்ன ஆகும்? கணேசபுரம் சுரங்கப்பாதை நிரம்பும் ஒவ்வொரு மழைக்கும் என் கடைக்கு நனைந்த சிபியு நாலைந்து வரும். போர்டைக் கழுவிக் காயவைத்து ஓட்டிவிடலாம்; சேற்றுத் தண்ணீர் உள்ளே போன டிஸ்க்கை என்னால் காப்பாற்ற முடிந்ததே இல்லை. அங்கே டிஸ்க் செய்யும் இயந்திரமே மூழ்கியிருந்தது.

நவம்பரில் ஒரு காலை ரிச்சி தெருவில் வழக்கமாக வாங்கும் கடை கவுன்டரில் நிற்கிறேன். 500 ஜிபி டிஸ்க் இரண்டாயிரத்தை ஒட்டி வாங்கிக்கொண்டிருந்தேன். விலைப் பட்டியலில் டிஸ்க் வரிசை முழுவதையும் பேனாவால் அடித்து, ஓரத்தில் வேறு எண் எழுதியிருந்தது. அதையும் அடித்து மறுபடி எழுதியிருந்தது. கடைப்பையன் போனைக் காதில் வைத்தபடியே "அண்ணே, நாலாயிரத்து இருநூறு, ரெண்டு பீஸ்தான் இருக்கு" என்றான். டீ குடித்துவிட்டு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் போனேன். திரும்பி வந்தபோது ஒன்றுதான் இருந்தது. பெரம்பூர் ஸ்கூல் ஒன்றுக்குப் பத்து கம்ப்யூட்டர் தருவதாகப் பழைய விலையில் ஒத்துக்கொண்டிருந்தேன். ஆறு பெட்டிக்குக் கைக்காசு போட்டேன்.

வெள்ளம் மட்டும் காரணமில்லை. அதே வருஷம் ஜூலையில் டாலருக்கு 44 ரூபாய் அளவில் இருந்தது டிசம்பரில் 53ஐத் தாண்டியது. டிஸ்க் விலை மாறாமல் இருந்திருந்தாலும் நமக்கு ஐந்தில் ஒரு பங்கு ஏறியிருக்கும். துறைமுகம் நம் பக்கத்திலேயே இருக்கிறது, கன்டெய்னர் லாரி நம் ரோட்டில்தான் வரிசை கட்டி நிற்கிறது. ஆனால் உள்ளே இருக்கும் சாமானுக்குக் கணக்கு டாலரில். வெளிநாட்டில் விலை பத்து சதவீதம் இறங்கி, ரூபாயும் பத்து சதவீதம் இறங்கினால், நம் கவுன்டரில் எதுவும் நடக்காத மாதிரி இருக்கும். அதைப் பார்த்துத்தான் பலர் "விலை இறங்கியும் கடைக்காரன் குறைக்கவில்லை" என்கிறார்கள்.

தண்ணீர் சில வாரத்தில் வடிந்தது. வெஸ்டர்ன் டிஜிட்டல் நவம்பர் முடிவதற்குள் அந்த ஆலையை ஓரளவு ஓடவைத்துவிட்டது. ஆனால் விலை பழைய இடத்துக்கு வர இரண்டு வருஷம்போல ஆனது. இதற்கிடையே நடந்ததைக் கவனியுங்கள். 2011 டிசம்பரில் சாம்சங்கின் டிஸ்க் வியாபாரம் சீகேட்டிடம் போனது. 2012 மார்ச்சில் ஹிட்டாச்சியின் டிஸ்க் வியாபாரம் வெஸ்டர்ன் டிஜிட்டலிடம் போனது. டிஸ்க் செய்ய மிஞ்சியது தோஷிபாவோடு சேர்த்து மூன்றே பேர். அதே சமயத்தில் பல டிஸ்க்குகளின் வாரண்டியை மூன்று வருஷத்திலிருந்து இரண்டு, ஒன்று என்று குறைத்தார்கள். விலை ஏறினால் நம் கண்ணுக்குத் தெரிகிறது. வாரண்டி சுருங்கினால் டிஸ்க் செத்த அன்றுதான் தெரிகிறது. எனக்கு இன்றும் அதுதான் பெரிய வருத்தம்.

சரி, ராமுக்கு வருவோம்.

ஒரு காலத்தில் ராம் செய்யும் கம்பெனிகள் நிறைய. ஜப்பானில் மட்டுமே என்இசி, ஹிட்டாச்சி, தோஷிபா, ஃபுஜிட்ஸு, மிட்சுபிஷி. ஜெர்மனியில் கிமோண்டா. ஆளுக்கு ஆள் ஃபேக்டரி கட்டி, சந்தையில் சரக்கு குவிந்து, விலை சரிந்து, ஒவ்வொருவராக விழுந்தார்கள். கிமோண்டா 2009இல் திவாலானது. ஜப்பானியர் கடைசியாகச் சேர்ந்து நடத்திய எல்பிடா 2012இல் திவாலாகி, அடுத்த வருஷம் அமெரிக்காவின் மைக்ரானிடம் போனது. இப்போது பெரும்பகுதி சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூவர் கையில். சீனாவின் சிஎக்ஸ்எம்டி வளர்ந்து வருகிறது. நாம் மலிவாக ராம் வாங்கிய வருஷங்கள் பலவும் யாரோ ஒரு கம்பெனி நட்டத்தில் விற்ற வருஷங்கள். விழ வேண்டியவர்கள் விழுந்து முடிந்த பிறகு, அந்த மாதிரி மலிவு அடிக்கடி வராது.

நீங்கள் கேட்ட மாதிரி சேர்ந்துகொண்டு விலை ஏற்றியதும் நடந்திருக்கிறது, கடைக்காரர்கள் மட்டத்தில் இல்லை. 1999 முதல் 2002 வரை ராம் கம்பெனிகள் பேசிவைத்து விலை நிர்ணயித்தது அமெரிக்காவில் வழக்காகி, 2005இல் சாம்சங் குற்றத்தை ஒப்புக்கொண்டு 30 கோடி டாலர் அபராதம் கட்டியது. ஹைனிக்ஸும் ஜெர்மனியின் இன்ஃபினியனும்கூடக் கட்டின. அதனால் சந்தேகப்படுவது தப்பில்லை. ஆனால் இந்த முறை நடந்ததை அப்படி ஒரு சதி இல்லாமலேயே விளக்கிவிடலாம்.

2023இல் ராம் விற்காமல் தேங்கிக் கிடந்தது. சாம்சங்கின் சிப் பிரிவுக்கு மட்டும் அந்த ஒரு வருஷத்தில் சுமார் 15 லட்சம் கோடி கொரிய வோன் நட்டம். மூவருமே உற்பத்தியைக் குறைத்தார்கள், புது இயந்திரம் வாங்குவதைத் தள்ளிப்போட்டார்கள். அப்போது நாம் மலிவாக வாங்கினோம். அடுத்து ஏஐ வந்தது. அதற்கான டேட்டா சென்டர்களில் இருக்கும் கார்டுகளுக்கு ஹெச்பிஎம் என்று ஒரு தனி வகை ராம் வேண்டும். சிப்புகளை மாடி மேல் மாடியாக அடுக்கிச் செய்வது. ஒரு ஜிபி ஹெச்பிஎம் செய்ய, நம் கம்ப்யூட்டரில் போடும் டிடிஆர் 5 ரக ராமைப் போல மூன்று மடங்கு வேஃபர் ஆகும் என்று மைக்ரானே சொல்லியிருக்கிறது. அதே ஃபேக்டரி, அதே தட்டு. விலையும் கூட, வாங்குகிறவர்கள் வருஷக்கணக்குக்கு முன்பணத்தோடு நிற்கிறார்கள். சாட்ஜிபிடி செய்யும் ஓபன்ஏஐ 2025 அக்டோபரில் சாம்சங்கோடும் ஹைனிக்ஸோடும் கை கோத்தது. டிசம்பரில் மைக்ரான், நம் கடைகளில் குரூசியல் என்ற பெயரில் வந்த ராமையும் எஸ்எஸ்டியையும் நிறுத்திக்கொள்வதாக அறிவித்தது.

காசிமேட்டில் விடிகாலை ஏலம் பார்த்திருப்பீர்கள். நல்ல வெள்ளை இறால் கூடை இறங்கினால், ஏற்றுமதிக்கு எடுப்பவரின் ஆள் முதலில் கை வைப்பார். அவர் எடுத்தது போக மீதிதான் நமக்கு. படகில் வந்தது குறைவாக இருந்தால் நம் பங்குக்குத்தான் அடி விழும், ஏற்றுமதிக்காரருக்கு இல்லை. ராமில் நடப்பதும் இதேதான்.

ஆனால் மீனுக்கும் ராமுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ஏப்ரல் 15இல் தடைக்காலம் தொடங்கினால் வஞ்சிரம் விலை ஏறும். 61 நாள் கழித்து விசைப்படகு கடலுக்குப் போனதும் இறங்கும். தேதி நமக்குத் தெரியும். ராம் விலை ஏறிவிட்டதே என்று கம்பெனி இன்றைக்கு ஒரு புது ஃபேக்டரிக்கு அஸ்திவாரம் தோண்டினாலும் அதிலிருந்து சரக்கு வர இரண்டு மூன்று வருஷம் ஆகும். செலவு ஆயிரம் கோடி டாலருக்கு மேல் போகும். ஓடிக்கொண்டிருக்கும் ஃபேக்டரியிலேயே ஒரு தட்டு உள்ளே போய் வெளியே வர மூன்று மாதம்போல ஆகிறது. அதற்கும் மேல், 2023இல் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் இந்த ஏஐ அலை நீடிக்குமா என்று பார்த்துப் பார்த்துத்தான் பணத்தை இறக்குவார்கள். குஜராத் சானந்தில் மைக்ரான் வருகிறதே என்று சிலர் கேட்கிறார்கள். அது சிப்பை அடைத்துச் சோதிக்கும் இடம். வேஃபர் அங்கே உருவாவதில்லை. அதனால் நம் ஊர் விலை உடனே மாறாது.

விலை ஏற ஒரு சின்னக் காரணமும் போதும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம். 1993 ஜூலையில் ஜப்பானின் நிஹாமாவில் சுமிடோமோ கெமிக்கல் ஆலை வெடித்தது. அது சிப் செய்யும் இடம்கூட இல்லை. சிப்பை மூடி அடைக்கும் பிசினைச் செய்யும் இடம். உலகத்துக்கு வேண்டிய அந்தப் பிசினில் பாதிக்கு மேல் அங்கிருந்து போய்க்கொண்டிருந்தது. உலகம் முழுக்க ராம் விலை எகிறியது.

கடைக்காரர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். வழக்கமாக விலை இறங்கும் சாமானை யாரும் சேர்த்துவைக்க மாட்டார்கள். ஐஸ் இல்லாத மீன் மாதிரி, வைத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் நட்டம். நானே பத்து நாள் ஓட்டத்துக்கு மேல் ராம் வைத்ததில்லை. மேலே டீலரும் அப்படித்தான். அதனால் எங்கேயோ தடை என்றால், அரிசி மாதிரி குடோனில் கிடக்கும் பழைய சரக்கு வந்து தாங்காது. ஏற்றம் நேராக கவுன்டருக்கு வந்துவிடும். கொட்டேஷனில் "இன்று மட்டும்" என்று எழுதுவது அதனால்தான். ஏறும் என்று தெரிந்த பிறகு பெட்டியோடு பதுக்கியவர்களும் இருந்தார்கள், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அவர்கள் சரக்கு ஒரு மாதம்கூடத் தாங்காது.

பழைய ரகத்துக்கு வேறு கணக்கு. கம்பெனி ஒரு ரகத்தைச் செய்வதை நிறுத்தப்போகிறது என்றால் அதன் விலை ஏறும். டிடிஆருக்குப் பின்னால் வரும் எண் ராமின் தலைமுறை; டிடிஆர் 2 குச்சியைவிட டிடிஆர் 3 மலிவாகக் கிடைத்த காலம் இருந்தது. 2025 நடுவில் டிடிஆர் 4 சில இடங்களில் டிடிஆர் 5ஐயே தாண்டியது. பழசுதானே, மலிவாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

கிராஃபிக்ஸ் கார்டு உங்கள் தங்கைக்குத் தேவையில்லை, அதனால் ஒரு வரி. 2021இல் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தோண்டியவர்கள் வாங்கிக் குவித்து விலையை ஏற்றினார்கள், 2022 செப்டம்பரில் அந்த முறையே நின்றதும் உழைத்துத் தேய்ந்த கார்டுகள் செகண்ட் ஹாண்டில் வந்து குவிந்தன. இத்தனை வருஷத்தில் நான் பார்த்த ஏற்றங்களில் சீக்கிரம் உடைந்தது அதுதான், ஏனென்றால் தேவை ஒரே நாளில் நின்றது. ஏஐ தேவை அப்படி நிற்குமா என்பதை வைத்து உங்கள் தங்கையின் படிப்பைத் தள்ளிப்போட முடியாது.

நான் என்ன செய்வேன் என்றால்: பிசிஏவுக்கு சி, ஜாவா, பைதான், கொஞ்சம் டேட்டாபேஸ். முதல் வருஷத்துக்கு 8 ஜிபி போதும். ஒரே 8 ஜிபி குச்சி வாங்குங்கள், போர்டில் ராம் செருக இரண்டு ஸ்லாட்டாவது இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒற்றைக் குச்சியில் வேகம் சற்றுக் குறையும், படிப்புக்கு அது பெரிய குறை இல்லை. விலை இறங்கும் அன்று இன்னொரு குச்சி போட்டுக்கொள்ளலாம். எஸ்எஸ்டியும் ஏறிக்கொண்டிருக்கிறது, இனி அதைத் தள்ளிப்போட வேண்டாம். பணத்தை மிச்சம் பிடிக்க, பெட்டிக்குள் மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் கை வைக்காதீர்கள். மலிவு எஸ்எம்பிஎஸ் புகைந்து போர்டையும் சேர்த்துக் கொண்டுபோனதை மாதத்துக்கு ஒன்றாவது பார்க்கிறேன்.

இன்னும் சிக்கனமான வழி, ஆபீஸ்களில் கழித்த டெஸ்க்டாப். ராமோடு சேர்த்தே வரும். பலர் அதை இன்னும் பழைய ராம் விலைக் கணக்கிலேயே விற்கிறார்கள். இன்டெல் பிராசஸர் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ பாருங்கள், அதற்குக் கீழே விண்டோஸ் 11 முறையாக ஏறாது. விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்தது. ஆறாம், ஏழாம் தலைமுறைப் பெட்டிகள் இப்போது மலிவாகக் குவிவது அதனால்தான்.

வாங்கும் முன் வீட்டில் பழைய பெட்டி ஏதாவது கிடக்கிறதா என்று பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பக்கவாட்டு மூடியைக் கழற்றினால், போர்டில் நெட்டுக்குத்தாக நிற்கும் பச்சைக் குச்சிதான் ராம். அதன் ஸ்டிக்கரில் பிசி4 என்று தொடங்கும் எண் இருந்தால் அது டிடிஆர் 4, இன்றைக்கு அதற்கு நல்ல விலை. டிடிஆர் 4 போர்டாகப் பார்த்து வாங்கினால் அதையே போட்டுக்கொள்ளலாம். பிசி3 என்று இருந்தால் டிடிஆர் 3. அந்தக் குச்சியின் வெட்டு வேறு இடத்தில் இருக்கும், புதுப் போர்டில் இறங்காது, அழுத்திப் பார்க்காதீர்கள்.